கட்டு அவிழ்க்கும் நாள்

கதை எழுதுகிறவர்களுக்கும் சினிமாப் படம் எடுக்கிறவர்களுக்கும் கண் வைத்தியத்தில் ஒரே ஒரு கட்டத்தில்தான் சிரத்தை. அது, கட்டு அவிழ்க்கும் காட்சி. டாக்டர் மெதுவாகத் துணிச்சுருளைப் பிரிக்கிறார். சொந்தக்காரர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி நிற்கிறார்கள். கதாநாயகி இமைகளைத் திறக்கிறாள். மங்கலாக ஓர் உருவம் தெரிகிறது. பிறகு அது தெளிகிறது. "அத்தான்!" என்று அலறுகிறாள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

எங்கள் தொழிலுக்கு இது போதும். மறுநாள் அந்தக் கண் சிவந்ததா, மறுவாரம் வலித்ததா, ஆறு மாதம் கழித்தும் அத்தானின் முகம் தெரிந்ததா என்றெல்லாம் எந்த நாவலாசிரியனும் எழுதுவதில்லை. ஆனால் கண்புரைச் சிகிச்சையின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தபோது, நாங்கள் எழுதாமல் விட்டுவிடுகிற அந்த ஆறு மாதத்தில்தான் அந்தச் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நான் வைத்தியன் அல்ல; யாருக்கும் வைத்தியம் சொல்லப்போவதும் இல்லை. அந்தக் கட்டை அவிழ்த்தவர்களைப் பற்றியும், அவிழ்க்கும் நாளைக்கு முன்பே ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், புரை என்பது என்ன? "கண்ணில் பூ விழுந்துவிட்டது", "திரை விழுந்துவிட்டது", "சதை படர்ந்துவிட்டது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கிருந்தோ ஏதோ ஒன்று வந்து கண்ணை மறைத்துவிட்டது என்ற எண்ணம் இந்தப் பேச்சுக்களில் எல்லாம் இருக்கிறது. ஹிந்துஸ்தானி பேசுகிறவர்கள் இதை 'மோதியாபிந்து' என்பார்கள். முத்துப் போன்ற துளி என்று பொருள். ஆங்கில வைத்தியர் சொல்லும் 'காட்டராக்ட்' என்பது லத்தீனிலிருந்து வந்தது. அதற்கு அருவி என்று அர்த்தம். தலைக்குள்ளிருந்து ஒரு கெட்ட நீர் அருவி போல இறங்கி, கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் உறைந்து நின்றுவிடுகிறது என்று மேல்நாட்டு வைத்தியர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பிவந்தார்கள். நம் ஊர்ப் பாட்டிக்கும் ரோமாபுரி வைத்தியனுக்கும் இந்த விஷயத்தில் ஒரே அபிப்பிராயம்!

உண்மையில் எதுவும் எங்கிருந்தும் விழவில்லை. கண்ணின் கருவட்டத்துக்குப் பின்னால், பிறக்கும்போதே நம்முடன் வந்த ஒரு சின்னஞ்சிறு லென்ஸ் இருக்கிறது. 'லென்ஸ்' என்ற சொல்லுக்கே லத்தீனில் மைசூர்ப் பருப்பு என்றுதான் பொருள், உருவம் அப்படி. ரத்தக் குழாய் ஒன்றுகூட அதற்குள் ஓடாது. ஓடினால் ஒளி புகாதே! பளிங்கு போன்ற அந்தப் பருப்பு, வயது ஏற ஏறத் தன் தெளிவை இழக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூடு பட்டதும் வெளுத்துப்போகிறதே, ஏறக்குறைய அந்த மாதிரி. சன்னல் கண்ணாடியே புகை படிந்தாற்போல் ஆகிவிட்டால், வெளியே எவ்வளவு வெயில் அடித்து என்ன பயன்?

காரணம் தெரியாத காலத்திலேயே மனிதன் வைத்தியம் கண்டுபிடித்துவிட்டான் என்பதுதான் விந்தை. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் அந்தச் சிகிச்சை விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வெப்பமும் குளிரும் அதிகமில்லாத பருவத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நோயாளியை உட்கார வைத்துத் தன் மூக்கைத் தானே பார்க்கும்படி சொல்லவேண்டும். முனை வாற்கோதுமை மணி போல அமைந்த சலாகையால், ரத்தக் குழாய்களை விலக்கி, விழியின் ஓரத்தில் குத்தவேண்டும். இடக் கண்ணுக்கு வலக் கை, வலக் கண்ணுக்கு இடக் கை. தாய்ப்பாலால் கண்ணை நனைக்கவேண்டும். உள்ளே மறைத்து நிற்பதை அப்பால் தள்ளவேண்டும். நோயாளிக்கு உருவங்கள் தெரிய ஆரம்பித்ததும் சலாகையை மெல்ல எடுத்துவிடவேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் செல்ஸஸ் என்பவர் எழுதிவைத்த முறையும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

இது வரையில் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். 'அப்போதே நம்மவர்கள்...' என்று பெருமைப்பட்டுக்கொள்வதும் உண்டு. என் மனத்தைக் கவர்ந்தது அதற்கு அடுத்த பகுதி. சலாகையை எடுத்த பிறகு நெய் தடவிக் கட்டுப் போடவேண்டும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கவேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது, ஏப்பம் விடக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது, தலையை அசைக்கக்கூடாது. மூன்று நாளைக்கு ஒரு தடவை கட்டை அவிழ்த்துக் கஷாயத்தால் கண்ணைக் கழுவவேண்டும். குத்தின இடம் தவறினால் என்னென்ன உபத்திரவங்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யவேண்டும் என்றும் நூல் அடுக்கிக்கொண்டு போகிறது. இதை எழுதியவர் ஊசியைக் குத்திவிட்டு நடையைக் கட்டியவர் அல்ல. படுக்கையருகில் இருந்து, கெட்டுப்போன கண்களையும் பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும்.

பின்னால் நேர்ந்தது என்ன தெரியுமோ? நூலின் முன்பாதி மட்டும் ஊர் ஊராகப் போயிற்று, பின்பாதி போகவில்லை.

ஊசியால் தள்ளுகிற அந்த முறையில் ஒரு மாயம் இருக்கிறது. வெளுத்துப்போன லென்ஸ் வெளியே வருவதில்லை. கண்ணின் உள்ளே, பின்புறத்துக் கூழுக்குள் போய் அமிழ்ந்து கிடக்கிறது. மறைப்பு விலகியதும் வெளிச்சம் பாய்கிறது. வைத்தியன் விரலை நீட்டி "எத்தனை?" என்கிறான். "மூன்று!" என்கிறாள் பத்து வருஷமாக இருட்டில் கிடந்த கிழவி. குடும்பமே காலில் விழுகிறது. தட்சிணை கைமாறுகிறது. இந்த ஆனந்தம் பொய் அல்ல. அந்தக் கணத்தில் அவள் பார்த்தது நிஜம். ஆனால் சுத்தமில்லாத ஊசி போன வழியில் சீழ் பிடிக்கலாம். அமிழ்ந்த லென்ஸ் உள்ளே கிடந்து அழற்சியைக் கிளப்பலாம். கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, நரம்பு செத்துப்போகலாம். சில கண்களுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்குச் சில மாதங்கள். பிறகு வருகிற இருட்டை எந்த ஊசியாலும் விலக்க முடியாது. அதற்குள் வைத்தியன் நாலு ஊர் தாண்டிப் போயிருப்பான். அவனிடத்தில் பழுது இருப்பதாக அவனுக்கே தெரியாமல் இருக்கவும் கூடும். அவன் பார்த்ததெல்லாம் ஆனந்தக் கண்ணீரைத்தானே?

இது நம் தேசத்து நாடோடிகளின் கதை மட்டும் என்று நினைக்கவேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் டெய்லர் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் கண் வைத்தியர் என்ற பட்டம் வேறு. கண்களைச் சித்திரமாகத் தீட்டிய கோச்சு வண்டியில் ஐரோப்பா முழுவதும் சுற்றினார். ஊருக்கு ஊர் பிரசங்கம், ஆரவாரம், ஊசி, கட்டு. கட்டை இத்தனை நாள் அவிழ்க்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவார். 1750ஆம் ஆண்டு வசந்தத்தில் ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்துக்கு அந்த வண்டி வந்தது. அங்கே அறுபத்தைந்து வயதான ஒரு சங்கீத வித்துவானின் கண்ணில் அவர் இரண்டு தடவை சிகிச்சை செய்தார். வித்துவானின் பெயர் யோகான் செபாஸ்டியன் பாக். மேல்நாட்டுச் சங்கீதத்தில் அந்தப் பெயருக்கு உள்ள இடம் நம் சங்கீதத்தில் தியாகையருக்கு உள்ள இடம் போன்றது. பாக் பார்வையும் இழந்து, உடல்நலமும் இழந்து, அவ்வருஷம் ஜூலை 28ஆம் தேதி காலமானார்.

டெய்லர் இதைப் பற்றி என்ன நினைத்தார்? 1761இல் அவர் தம் சுயசரிதையை வெளியிட்டார். லைப்ஸிக்கில் எண்பத்தெட்டு வயதுச் சங்கீத மேதை ஒருவர் தம் கையால் பார்வை பெற்றதாக அதில் எழுதியிருக்கிறார்! வயதும் தவறு, பலனும் தவறு. இதற்குள் 1758இல் ஹாண்டெல் என்ற மற்றொரு மகா வித்துவானும் அவர் ஊசிக்குக் கண்ணைக் கொடுத்துப் பயன் காணாமல், மறு வருஷம் இறந்துபோயிருந்தார். டெய்லரை வேண்டுமென்றே பொய் சொன்னவர் என்று தீர்ப்புக் கூற எனக்கு மனம் வரவில்லை. தான் விட்டுவந்த ஊருக்குத் திரும்பிப் போகாதவனுக்கு எல்லா ஊரும் வெற்றிதான்.

இதில் வேதனை என்னவென்றால், பாக் ஊசியடியில் உட்கார்ந்த காலத்திலேயே வேறு வழி பிறந்துவிட்டது. அதற்கு முதல் வித்து ஒரு பிணத்தின் கண்ணில் விழுந்தது. 1705ஆம் ஆண்டு, பிரிஸோ என்ற பிரெஞ்சு மருத்துவர், முற்றிய புரையோடு இறந்துபோன ஒரு சிப்பாயின் கண்ணை எடுத்துக்கொண்டார். வழக்கப்படி ஊசியால் புரையைத் தள்ளினார். பிறகு அந்தக் கண்ணை அறுத்துத் திறந்து பார்த்தார். கீழே விழுந்து கிடந்தது உறைந்த நீரும் அல்ல, திரையும் அல்ல, லென்ஸேதான்! ஆயிரத்தைந்நூறு வருஷத்து நம்பிக்கை ஒரு சிப்பாயின் கண்ணுக்குள் உடைந்தது. பாரிஸ் பண்டிதர்கள் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. சில வருஷங்கள் பிடித்தன.

கெட்டுப்போனது லென்ஸ் என்றால், அதைக் கண்ணுக்குள்ளேயே புதைப்பானேன்? வெளியே எடுத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை கொடுத்தவர் ஜாக் தவியேல் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர். 1747இல் ஒரு நோயாளிக்கு ஊசி முறை பலிக்காமல் போகவே, கருவிழியின் கீழ் ஓரத்தைத் திறந்து லென்ஸை வெளியே எடுத்தார். மயக்க மருந்து கிடையாது. கிருமி என்ற பேச்சே கிடையாது. நோயாளி நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் ஒருவன் தலையைப் பிடித்துக்கொள்ள, நடந்த காரியம் இது! 1756இல் அவர் தம் கணக்கைச் சொன்னார். லென்ஸை எடுத்த கண்கள் 434. அவற்றில் பலிக்காதவை 50. இரண்டாவது எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐம்பது என்று சொல்வதற்கு அந்த ஐம்பது பேரையும் கட்டு அவிழ்த்த பிறகு பார்த்திருக்கவேண்டும். பார்த்ததை மறைக்காமல் எழுதியிருக்கவேண்டும். டெய்லரின் புத்தகத்தில் அப்படி ஒரு எண்ணுக்கு இடமில்லை.

பார்த்து எழுதிவைக்கும் புத்தி பாரிஸுக்கு மட்டும் சொந்தமல்ல. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னருக்கும் அது இருந்தது. பாதிரி ஷ்வார்ட்ஸிடம் படித்த அந்த ராஜா, அரண்மனையிலேயே தன்வந்திரி மகாலை வளர்த்தார். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புக்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. இன்னாருடைய கண், இன்ன நோய், இன்ன சிகிச்சை என்று எழுதி, கண் எப்படி இருந்தது என்பதை வர்ணச் சித்திரமாகவும் தீட்டி வைத்திருக்கிறார்கள். அரசர்களைத் தீட்டிய ஊரில் குடிமக்களின் நோய்ப்பட்ட கண்களையும் ஒரு சித்திரக்காரன் உட்கார்ந்து தீட்டியிருக்கிறான் என்பதை நினைத்தால், எனக்கு அந்த மகாலின் மற்றப் பெருமைகள் இரண்டாம் பட்சமாகிவிடுகின்றன.

சரபோஜி காலத்திலேயே, 1819இல், சென்னையிலும் ஒரு கண் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. இன்று எழும்பூரில் இருக்கும் அரசாங்கக் கண் மருத்துவமனை அதன் வழிவந்ததுதான். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடி உலகத்தில் பழமையானது என்று அதைச் சொல்வார்கள்.

ஆயினும் ஜனங்கள் கத்தியைக் கண்டு அஞ்சியதில் ஆச்சரியமில்லை. விழித்துக்கொண்டிருக்கும்போதே விழியை அறுப்பது என்றால் யாருக்குத்தான் துணிவு வரும்? குளோரோபாரம் கொடுத்தால் பிற்பாடு வாந்தி வரும். வாந்தி எடுத்தால் அறுத்த கண் பிளந்துகொள்ளும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் வியன்னா நகரத்து இளம் டாக்டர் கார்ல் கோலர். மனோதத்துவ நிபுணர் பிராய்டின் சிநேகிதர். கொக்கேய்ன் என்ற மருந்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த பிராய்ட், தாம் மணக்கவிருந்த பெண்ணைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார். அந்தச் சமயத்தில் கோலர் அந்த மருந்தைச் சொட்டினால் கண் மரத்துப்போகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். 1884 செப்டம்பரில் ஹைடல்பர்க் மகாநாட்டில் அந்தச் செய்தி வெளியாயிற்று. ரயிலுக்குப் பணமில்லாமல் கோலர் போகவில்லை. கட்டுரையை மற்றொருவர் வாசித்தார். கட்டுரை எழுதியவன் இல்லாத சபையில் உலகத்துக் கண் வைத்தியமே மாறிப்போயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் சென்னை ராஜதானிக் கிராமங்களில் ஊசிக்காரர்கள் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கண் ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், அவர்கள் கைபட்டுக் கெட்டுப்போன கண்களைத் தினந்தோறும் கண்டார். மற்றவர்கள் வைதுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். எலியட் சும்மா இருக்கவில்லை. நோயாளிகளின் விவரங்களை நூற்றுக்கணக்கில் தொகுத்தார். பார்வையும் போய், வலியும் தாளாமல், எடுத்தே தீரவேண்டிய கண்களைப் பத்திரப்படுத்தி, உள்ளே ஊசி எந்த வழியே போயிற்று, லென்ஸ் எங்கே கிடக்கிறது, எதனால் கண் அழிந்தது என்று ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். 1917இல் லண்டனில் அதைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்து, புத்தகமாகவும் வெளியிட்டார். நாடோடி வைத்தியன் பார்க்காமல் போன ஆறு மாதத்தை எலியட் அவனுக்காக உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்லலாம்.

இவரைப் பற்றி ருசிகரமான மற்றொரு செய்தி. சீமைக்குத் திரும்பிய பின் லண்டன் மந்திரவாதிகள் சங்கத்தில் சேர்ந்து, இந்தியக் கயிற்று வித்தையை யாராவது தம் கண்முன் செய்துகாட்டினால் ஐந்நூறு கினி பரிசு என்று 1934இல் அறிவித்தவர்களில் முக்கியமானவர் இவர். பரிசை வாங்க ஒருவரும் வரவில்லை. கண நேரத்து அற்புதங்களை இவர் எளிதில் நம்பாததற்கு எழும்பூரில் கழித்த நாட்களும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

லென்ஸை எடுத்தாயிற்று. எடுத்த இடம் காலியாக இருக்கிறதே? அதற்குத்தான் சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிந்த தாத்தாக்களின் கண்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கோ உலகமே கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரிந்தது; படி பக்கத்தில் வந்தது, பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியவில்லை. கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு.

காளத்திநாதரின் கண்ணுக்குத் தம் கண்ணையே அப்பினார் கண்ணப்பர். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஹரால்ட் ரிட்லி அப்பியது பிளாஸ்டிக். யுத்த காலத்தில் விமானிகளின் கண்ணாடிக் கூண்டு குண்டு பட்டுச் சிதறி, அந்தப் பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் கண்ணில் பாய்ந்தன. ரிட்லி அந்தக் கண்களை வருஷக்கணக்கில் கவனித்துவந்தார். துணுக்குகள் உள்ளேயே கிடந்தும் கண் சீறவில்லை. லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை ஏன் வைப்பதில்லை என்று ஒரு மாணவன் அவரைக் கேட்டான். 1949 நவம்பர் 29ஆம் தேதி, அந்தப் பெர்ஸ்பெக்ஸிலேயே லென்ஸ் செய்து ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார். வலுக் கணக்கில் பிசகு நேர்ந்து அந்த அம்மாளுக்குக் கிட்டப்பார்வை அதிகமாகப் போய்விட்டது. 1951இல் ரிட்லி விஷயத்தை வெளியிட்டதும் பெரியவர்கள் சீறினார்கள். வெளியே எடுக்கவேண்டிய ஆபரேஷனில் உள்ளே ஒன்றை வைப்பதாவது! உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ள முப்பது வருஷம் ஆயிற்று. ரிட்லி தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார். முதுமையில் அவருக்கும் புரை வந்தது. அதே செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணிலும் லென்ஸ் வைத்தார்கள். 2001இல் அவர் காலமானார்.

அப்புறம், நம் மதுரை. டாக்டர் கோ. வெங்கடசாமி பிரசவ வைத்தியராக வர ஆசைப்பட்டவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்தக் கோணல் விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் வைத்தியரானார். 1976இல், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஐம்பத்தெட்டாவது வயதில், பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1992 முதல் அந்த நிறுவனத்தின் தொழிற்சாலையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்து, அன்னிய தேசத்து விலையைப் பல மடங்கு குறைத்தார்கள். 2006இல் அவர் மறைந்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் பெருமையை எண்ணிக்கையால் அளப்பவர்கள் உண்டு. என் கவனம் வேறோர் ஏற்பாட்டில் நின்றது. முன் காலத்து முகாம்களில் பள்ளிக்கூடத்திலும் சத்திரத்திலும் மேசை போட்டு ஆபரேஷன் செய்வார்கள். முகாம் கலைந்த பிறகு ஒரு கண் சிவந்தால், கிழவர் யாரைத் தேடிப் போவார்? இப்போது கிராமத்தில் பரிசோதனை மட்டும். புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து, சோறு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவிடுகிறார்கள். சில வாரங்கள் சென்றபின் அந்தக் கண்ணை மறுபடி பார்க்கிறார்கள். கத்தியும் லென்ஸும் எத்தனையோ தடவை மாறிவிட்டன. கட்டுக்கூட இப்போது மறுநாளே போய்விடுகிறது. ஆனால் அந்த இரண்டாம் தடவைப் பார்வை, சுசுருதர் மூன்று நாளைக்கு ஒருமுறை அவிழ்க்கச் சொன்னாரே, அதன் வாரிசுதான்.

உலகத்தில் பார்வை இழந்தோர் தொகைக்கு இன்றும் முதற் காரணம் புரைதான். நைஜீரியா, மாலி போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் ஊசிக்காரர்கள் இந்த நூற்றாண்டிலும் வேலை செய்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்கிற ஊருக்கு ஊசிக்காரன் வீடு தேடி வருகிறான். ஜனங்கள் கண்ணைக் கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் வீட்டுப் பெரியவரை யாராவது, "இலவசமாகப் பார்க்கிறார்கள், ஒரு நிமிஷத்து வேலை" என்று அழைத்துப் போக வந்தால், நாம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரர், எத்தனை ஆயிரம் கண் செய்தவர் என்ற விசாரணையெல்லாம் அப்புறம் இருக்கட்டும். "அடுத்த மாதம் இந்தக் கண்ணை யார் பார்ப்பார்கள், எந்த இடத்தில் பார்ப்பார்கள்?" என்று முதலில் கேட்கவேண்டும். பதில் சரியாக இருந்தால் தயங்காமல் அனுப்பி வையுங்கள். போகும்போது கூடவே ஒருவர் போவதும் நல்லது.